அத்தை ஏன் ஐந்து நட்சத்திரம் போடவில்லை?

பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தம்பி மகன் ஒரு லிங்க் அனுப்பினான். புதிதாக ஓட்டல் திறந்திருக்கிறான். "எல்லாரும் இதை அமுக்கி 5 ஸ்டார் போடுங்க. முடிஞ்சா நாலு வரி நல்லதா எழுதுங்க. சீசனுக்குள்ள ரேட்டிங் ஏறணும்" என்று எழுதி, கீழே ஒரு கும்பிடும் போட்டிருந்தான். வரிசையாக எல்லோரும் போட்டார்கள். சென்னையில் இருக்கும் பெரியம்மா போட்டார். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் போட்டார்கள். துபாயில் இருக்கும் ஒருவர், ஊருக்கு வந்தே மூன்று வருடம் ஆகிறது, "மீன் குழம்பு பிரமாதம்" என்று எழுதிவிட்டார். கடையோ சைவ ஓட்டல். அதை அழிக்கச் சொல்லி அவருக்குத் தனியாக போன் போட வேண்டியதாயிற்று.

மொத்தம் 43 பேர் போட்டார்கள். நான் போடவில்லை.

"அத்தை, ஒரு நிமிஷ வேலை" என்றான். நான் இன்னும் உன் கடையில் சாப்பிடவில்லையே என்றேன். "அதுக்கென்ன அத்தை, எல்லாரும் இப்படித்தானே பண்றாங்க? மார்க் போடறதுல உங்களுக்கு எப்பவுமே கஞ்சத்தனம்" என்று வைத்துவிட்டான். நாலு நாளாகப் பேச்சில்லை. அவன் அம்மாவும் பேசவில்லை. இந்தப் பதிவை அவர்கள் இருவரும் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். மற்றவர்களும் படியுங்கள். இது என் வீட்டுச் சண்டை மட்டும் இல்லை.

ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து 33 வருடம் எஸ்டேட் பக்கத்துப் பள்ளிகளில் வேலை பார்த்தவள் நான். எத்தனை ஆயிரம் விடைத்தாள் திருத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு தாளைக்கூடப் பிரிக்காமல் மார்க் போட்டதில்லை. அரைப் பரீட்சை நேரத்தில் கரண்ட் போனால் மெழுகுவர்த்தியில் உட்கார்ந்து திருத்தியிருக்கிறேன். இப்போது 60 தாண்டிய பிறகு, சாப்பிடாத சாப்பாட்டுக்கு நூற்றுக்கு நூறு போடச் சொன்னால் எப்படி?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "ஸ்டார்" என்று நாம் சொல்வது ஒரே பொருள் இல்லை. மூன்று தனித்தனிப் பொருள்களுக்கு ஒரே பெயர் வைத்திருக்கிறோம். அரசு கொடுக்கும் நட்சத்திரம் ஒன்று. சமையலறைச் சுத்தத்துக்குக் கொடுக்கும் தரக்குறி இன்னொன்று. போனில் நாம் கட்டைவிரலால் அமுக்குவது மூன்றாவது. கணக்குப் பரீட்சை மார்க்கையும் ஓட்டப்பந்தய மார்க்கையும் ஒரே கட்டத்தில் எழுதினால் எப்படியிருக்கும், அப்படித்தான் இருக்கிறது இது.

மலையில் பிறந்த பிள்ளைகளுக்கு டீத்தூளை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். ஆரஞ்சு பீக்கோ என்று டப்பாவில் போட்டிருக்கும். அதில் ஆரஞ்சுப் பழமும் இல்லை, ஆரஞ்சு வாசனையும் இல்லை. பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்பதெல்லாம் பேக்டரியில் சல்லடை பிரித்துத் தரும் அளவு. இலை பெரிதா, நொறுங்கியதா, தூளா என்பதைத்தான் அந்த கிரேடு முதலில் சொல்லும். ருசியை அது சொல்லாது. ருசி பார்க்க டேஸ்டர் வேண்டும். குன்னூரில் 1963 முதல் டீ ஏலம் நடக்கிறது. வரிசையாகக் கோப்பைகளை வைத்து, உறிஞ்சி, துப்பி, விலை சொல்ல ஆள் இல்லாமல் அந்த ஏலம் நடக்காது. சல்லடைக்கு ஒரு வேலை, நாக்குக்கு ஒரு வேலை. ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது.

அரசின் நட்சத்திரம் சல்லடை மாதிரி. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் குழு நேரில் வந்து, பட்டியலை வைத்துச் சரிபார்த்து, ஒன்று முதல் ஐந்து வரை தருகிறது. அதற்கு மேல் ஐந்து நட்சத்திர டீலக்ஸ் என்று ஒரு படி. நம் மலையில் இருப்பது போன்ற பழைய பங்களாக்களும் அரண்மனைகளும் 1950-க்கு முன் கட்டியவையாக இருந்தால் அவற்றுக்கு ஹெரிட்டேஜ் என்று தனி வகை உண்டு. சான்று ஐந்து வருடத்துக்குச் செல்லும். அறை எத்தனை சதுர அடி, குளியலறை எவ்வளவு பெரிது, லிப்ட் உண்டா, மாற்றுத்திறனாளிகளுக்கு அறை உண்டா, பணியாளர்களில் எத்தனை பேர் பயிற்சி பெற்றவர்கள் என்று போகும் அந்தப் பட்டியல். கழிவுநீர் சுத்திகரிப்பு, மழைநீர் சேகரிப்பு கூட அதில் இருக்கிறது. நல்ல பட்டியல்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சாம்பாரில் உப்பு சரியா, தலையணை உறை இன்று மாற்றியதா என்பதை அந்தக் குழு ஐந்து வருடமும் பக்கத்தில் நின்று பார்க்காது.

இதில் இரண்டு செய்திகள் பலருக்குத் தெரியாது. ஒன்று, இந்த நட்சத்திரம் கட்டாயம் இல்லை. விருப்பப்பட்டவர் விண்ணப்பிக்கலாம், விண்ணப்பிக்காமலும் தொழில் நடத்தலாம். அதனால் நட்சத்திரம் இல்லாத இடம் மோசம் என்று அர்த்தமில்லை. முன்பதிவுத் தளங்களில் பெயருக்குப் பக்கத்தில் மின்னும் நட்சத்திரங்களில் பல, உரிமையாளரே "நாங்கள் மூன்று ஸ்டார்" என்று நிரப்பிக் கொடுத்தவை. மாணவனே ராங்க் கார்டு எழுதிக்கொண்டு வருகிற மாதிரி. ஊட்டியில் எல்லாக் கடை வாசலிலும் "ஹோம்மேட் சாக்லேட்" என்று எழுதியிருக்கிறதே, அதை எந்த ஹோமில் செய்தார்கள் என்று கேட்டதுண்டா? அதே கதைதான்.

இரண்டு, குறைந்தது 10 வாடகை அறை இல்லாவிட்டால் சாதாரண ஓட்டல் வரிசையில் ஒரு நட்சத்திரத்துக்குக்கூட விண்ணப்பிக்க முடியாது. சின்ன வீட்டு விடுதிகளுக்கு "இன்கிரெடிபிள் இந்தியா பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்" என்று தனித் திட்டம் இருக்கிறது. ஆறு அறை வரை, உரிமையாளர் அங்கேயே குடியிருக்க வேண்டும், கோல்ட், சில்வர் என்று இரண்டு தரம். கீழேயிருந்து வருகிறவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்து ரூம் போடுகிறார்கள்?

அப்படியென்றால் நட்சத்திரத்துக்காக ஏன் இவ்வளவு போட்டி என்று கேட்பீர்கள். கூடலூரைத் தாண்டினால் கேரளா. அங்கே 2014-ல் அரசு மதுக் கொள்கையை மாற்றியபோது ஐந்து நட்சத்திர ஓட்டல்களுக்கு மட்டும் பார் நடத்த அனுமதி என்றார்கள். 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதைச் சரியென்றது. 2017-ல் அடுத்த அரசு வந்து மூன்று நட்சத்திரம் முதலே பார் வைக்கலாம் என்று மாற்றியது. ஆக, லாபியின் அளவையும் லிப்டையும் எண்ணிக் கொடுத்த நட்சத்திரம், எங்கே பிராந்தி விற்கலாம் என்று முடிவு செய்தது. விருந்தினர் நன்றாகத் தூங்கினாரா என்ற கேள்விக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது தரக்குறி சமையலறைக்கு. என் கணக்கில் நம் உயிரோடு நேராகச் சம்பந்தப்பட்டது இது ஒன்றுதான். 2006-ஆம் வருடச் சட்டப்படி உணவுப் பாதுகாப்பு ஆணையம் உரிமமோ பதிவோ தருகிறது. அதற்கு 14 இலக்க எண் உண்டு. 2022 ஜனவரி 1 முதல் அந்த எண்ணை பில்லிலும் அச்சிட வேண்டும். அடுத்த தடவை பில் வாங்கும்போது தேடிப் பாருங்கள். உரிமத்துக்கு மேலே சுத்தத்துக்கு என்று ஒரு மதிப்பீடும் வைத்திருக்கிறார்கள். சிரிக்கும் முகங்கள், ஒன்று முதல் ஐந்து வரை. ஆணையம் அங்கீகரித்த தணிக்கையாளர் வந்து பார்த்துத் தர வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதுவும் கட்டாயம் இல்லை!

என் கோபம் இங்கேதான். பரீட்சையை விருப்பப்பாடமாக வைத்தால் யார் எழுத வருவார்கள்? பாஸ் ஆவோம் என்று தெரிந்தவர்தான் வருவார். இரண்டு முகம் வாங்கிய கடைக்காரர் அதை வாசலில் மாட்டுவாரா? உலகத்தில் பல இடங்களில் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தில், ஓட்டல் சமையலறைகளின் லட்சணத்தை ரகசியக் கேமராவில் எடுத்து டிவியில் காட்டினார்கள். அதற்குப் பிறகு 1998-ல் ஏ, பி, சி என்று எழுதிய அட்டை வாசலுக்கு வந்தது. சிங்கப்பூரில் 1997 முதலே அப்படி. அங்கே இருந்த என் மாணவர்கள் கடை வாசலில் அந்த எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் 2013 முதல், பூஜ்யம் வாங்கியிருந்தாலும் அந்தப் பூஜ்யத்தை வாசலில் ஒட்டியே ஆக வேண்டும், அது சட்டம். கடைக்காரரின் விருப்பத்துக்கு விடவில்லை. நம்மூரில் வாசலில் வாழைமரம் கட்டுகிறோம், சீரியல் லைட் போடுகிறோம், சமையலறை மார்க்கை மட்டும் ஒளித்து வைக்கிறோம்.

இந்த இடம் காலியாக இருப்பதால்தான் மூன்றாவது நட்சத்திரம் ராஜ்ஜியம் நடத்துகிறது. போன் நட்சத்திரம்.

அந்தக் காலத்தில் ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் "ரூம் வேணுமா சார், காட்டேஜ் வேணுமா சார்" என்று புரோக்கர்கள் சூழ்ந்துகொள்வார்கள். அவர்கள் கமிஷனுக்குப் பேசுகிறார்கள் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதனால் பாதி நம்பி, பாதி விட்டுவிடுவோம். இப்போது புரோக்கர் போனுக்குள் போய்விட்டார். "ஒரு பயணியின் அனுபவம்" என்று வேஷம் போட்டுக்கொண்டு வருகிறார். போன வாரம் என் வீட்டிலேயே 43 புரோக்கர்கள் உருவானார்கள்.

கணக்கு டீச்சர் புத்தி சும்மா இருக்குமா? போட்டுப் பார்த்தேன். எங்கள் உறவுக்கூட்டம் வருவதற்கு முன் அந்தக் கடைக்கு நிஜமாகவே சாப்பிட்ட ஏழு பேர் போட்ட நட்சத்திரங்கள் மொத்தம் 24. ஏழால் வகுத்தால் 3.4. அதன் மேல் 43 பேர் ஆளுக்கு ஐந்து, 215. மொத்தம் 239, அதை 50-ஆல் வகுத்தால் 4.8. ஒரு தோசைகூடக் கூடுதலாக முறுகவில்லை, ஒரு மேஜைகூடக் கூடுதலாகத் துடைக்கவில்லை. 3.4 என்பது 4.8 ஆகிவிட்டது. அந்த ஏழு பேரில் ஒருவர் "காபி நல்லா இருக்கு, கை கழுவற இடம் சுத்தமா இல்லை" என்று எழுதியிருந்தார். கடைக்காரனுக்கு அதைவிட உபயோகமான வரி வேறு கிடைக்குமா? இப்போது அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

லண்டனில் 2017-ல் ஒருவர் இதை எல்லோருக்கும் வெளிச்சம் போட்டுக் காட்டினார். ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர், தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசர் தளத்தில் பதிந்தார். ஷேவிங் க்ரீமையும், தன் குதிகாலையும்கூட அலங்கரித்துப் படம் எடுத்து உணவு என்று போட்டார். தெரிந்தவர்களை விட்டு விமர்சனம் எழுத வைத்தார். லண்டனின் 18 ஆயிரம் சொச்சம் உணவகங்களில் அது முதலிடத்துக்கு வந்துவிட்டது. இல்லாத கடையில் மேஜை கேட்டு ஆட்கள் போன் செய்தார்கள். படித்தவர்கள் நிறைந்த ஊர்தான் அதுவும்.

நம் அரசும் சும்மா இல்லை. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய விமர்சனங்களுக்கென்றே ஒரு தரநிலை கொண்டு வந்தது. எண் 19000. எழுதியவர் நிஜ வாடிக்கையாளர்தானா என்று சரிபார்க்கச் சொல்கிறது. அதுவும் விருப்பத்தின் பேரில்தான். நம் நாட்டில் விருப்பப்பாடம் நிறைய.

பொய்யாக ஏற்றுவது ஒரு பாவம் என்றால், பொறுப்பில்லாமல் இறக்குவது இன்னொரு பாவம். என் மாணவி ஒருத்தி, கொழுந்து பறித்து அம்மா படிக்க வைத்த பிள்ளை, இன்று கோத்தகிரி ரோட்டில் ஆறு அறை வைத்து வீட்டு விடுதி நடத்துகிறாள். அவளே சமைக்கிறாள், அவள் கணவர் வெந்நீர் சுமக்கிறார். சென்ற சீசனில் வந்த ஒரு குடும்பம் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கேட்டது. நீலகிரியில் அதற்குத் தடை என்பது உங்களுக்குத் தெரியும். தமிழ்நாடு முழுவதும் 2019-ல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குகளுக்குத் தடை வருவதற்கு முன்பே நம் மாவட்டம் பிளாஸ்டிக்கை எதிர்த்து வேலை செய்தது. அவள் காய்ச்சி ஆற வைத்த தண்ணீரைக் கண்ணாடி ஜாடியில் வைத்தாள். ஊருக்குப் போனதும் அவர்கள் எழுதினார்கள்: "தண்ணீர் பாட்டில்கூட இல்லாத இடம்." ஒரு நட்சத்திரம்.

சட்டத்தை மதித்ததற்குத் தண்டனை! அதுவரை எட்டுப் பேர் ஐந்து போட்டிருந்தார்கள். நாற்பதோடு ஒன்று சேர்த்து ஒன்பதால் வகுத்தால் 4.6. திரும்ப 4.9 வர வேண்டுமானால் இன்னும் 31 பேர் வரிசையாக ஐந்தே போட வேண்டும். ஆறு அறை வைத்திருப்பவளுக்கு, எழுதுகிற பழக்கம் உள்ள 31 விருந்தினர் கிடைக்க எத்தனை மாதம் ஆகும்? என்னிடம் வந்து அழுதாள். "டீச்சர், நாளைக்கு நானும் ஒளிச்சு வெச்சு பாட்டில் குடுத்துடட்டுமா?" என்றாள். என்னால் மறக்க முடியாத கேள்வி அது. மார்க் போடுகிறவர் தப்பாகப் போட்டால், நன்றாகப் படிக்கிற பிள்ளையும் காப்பியடிக்கலாமா என்று யோசிக்கும்.

இந்த மூன்று நட்சத்திரமும் கேட்காத கேள்விகளும் உண்டு. முதுமலைப் பக்கம் சீகூர் பீடபூமியில் யானை நடந்து போகும் வழியில் விடுதிகள் எழும்பின. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வழித்தடத்தை உறுதி செய்து தீர்ப்புச் சொன்னது. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் முந்தைய தீர்ப்பை உறுதி செய்தது. அங்கே அறை எடுத்துத் தங்குகிறவர் மெத்தைக்கு மார்க் போடுவார், கேம்ப் ஃபயருக்கு மார்க் போடுவார். வழி மறிக்கப்பட்ட யானையிடம் போன் இல்லை. பாத்திரம் கழுவும் பெண்ணுக்கு எவ்வளவு சம்பளம், பில்லில் வாங்கிய சர்வீஸ் சார்ஜில் அவளுக்கு ஒரு ரூபாயாவது போனதா என்று கேட்கும் கட்டமும் போனில் இல்லை.

"அத்தை, நீங்க சொல்றதெல்லாம் சரி. எதிர்க்கடைக்காரன் 300 பொய் ரிவ்யூ வெச்சிருக்கான். நான் மட்டும் யோக்கியனா இருந்தா கடையை மூட வேண்டியதுதான்." என் தம்பி மகன் இதைத்தான் கேட்பான். நியாயமான கேள்வி, தட்டிக் கழிக்க மாட்டேன். கண்ணா, போன் நட்சத்திரத்தால் நல்லதும் நடந்திருக்கிறது. பெரிய ஓட்டலுக்கு விளம்பரம் செய்யப் பணம் உண்டு. சின்ன மெஸ்ஸுக்கும் ஆறு அறை விடுதிக்கும் சாப்பிட்டவர் சொல்லும் நல்ல வார்த்தைதான் விளம்பரம். அரசின் நட்சத்திரம் எட்டிப் பார்க்காத சந்துகளுக்கும் அந்த வார்த்தை ஆளைக் கூட்டி வந்தது. அதனால்தான் சொல்கிறேன், அதைக் கெடுக்காதே. நீ 43 பொய் சேர்த்தால் எதிர்க்கடைக்காரன் 400 சேர்ப்பான். அவனிடம் இருக்கும் பணம் உன்னிடம் இல்லை. பொய்ப் போட்டியில் பணம் உள்ளவன்தான் ஜெயிப்பான். உன்னால் ஜெயிக்க முடிந்தது தோசையில் மட்டும்.

மாணவர்களுக்கு வீட்டுப்பாடம் கொடுக்காமல் விட்டதில்லை. இதோ:

சாப்பிடாத கடைக்கும் தங்காத இடத்துக்கும் மார்க் போடாதீர்கள். சொந்தக்காரர் கேட்டாலும், நான் கேட்டாலும்.

"ஐந்து ஸ்டார் போட்டால் பில்லில் 10 சதவீதம் தள்ளுபடி" என்றால் முழுப் பில்லையும் கட்டிவிட்டு வாருங்கள்.

குறை இருந்தால் முதலில் முதலாளியிடம் நேரில் சொல்லுங்கள். பிறகு எழுதுங்கள். எழுதும்போது என்ன குறை என்று எழுதுங்கள். "வேஸ்ட்" என்று ஒரு வார்த்தை எழுதுவது மதிப்பீடு ஆகாது. ரூம் பாய் சிரிக்கவில்லை என்று எழுதுவதற்கு முன், அவர் காலை எத்தனை மணிக்கு எழுந்தார் என்று யோசியுங்கள்.

மழை, பனி, குரங்கு, இ-பாஸ், டிராபிக் ஜாம் ஆகியவற்றுக்கு விடுதிக்காரர் மார்க்கில் கைவைக்காதீர்கள். சட்டப்படி நடந்ததற்குக் கண்டிப்பாகக் குறைக்காதீர்கள்.

சாப்பாட்டில் தப்பு, வயிற்றுக்குக் கெடுதல் என்றால் நட்சத்திரத்தைக் குறைப்பதோடு நிற்காமல் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் கொடுங்கள். அந்தத் துறைக்குத்தான் சமையலறைக்குள் நுழைய அதிகாரம் உண்டு.

அரசு வேலையிலும் பத்திரிகையிலும் இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒன்று தனியாகச் சொல்கிறேன். சமையலறை மதிப்பெண்ணைக் கட்டாயமாக்க வேண்டும், வாசலில் ஒட்ட வேண்டும். லட்சக்கணக்கான பேர் வந்து சாப்பிட்டுப் போகும் இந்த மாவட்டத்திலிருந்து தொடங்கினால் என்ன? பிளாஸ்டிக்கில் நாம் முன்னே போகவில்லையா?

மிஷெலின் என்ற பிரெஞ்சு டயர் கம்பெனி, கார் ஓட்டுகிறவர்களுக்காக 1900-ல் ஒரு கையேடு போட்டது. 1926-ல் நல்ல உணவகங்களுக்கு அதில் நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கியது. இன்று உலகமே அந்த நட்சத்திரத்துக்கு ஏங்குகிறது. அவர்களுடைய ஆட்கள் யாரென்று சொல்லாமல் போய், சாப்பிட்டு, பில்லுக்குப் பணம் கட்டிவிட்டு வருவார்கள். மரியாதை அங்கேயிருந்துதான் வந்தது.

கண்ணா, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உன் கடைக்கு வருகிறேன். யாரென்று சொல்லாமல் வர முடியாது, குன்னூரில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். ஒரு நெய் தோசை, ஒரு காபி. பில்லைக் கட்டுவேன், வேண்டாம் என்று தடுக்கக் கூடாது. கை கழுவும் இடத்தையும் பார்ப்பேன். அன்று சாயங்காலம் என் பெயரில் எழுதுவேன். ஐந்துக்குத் தகுதி என்றால் ஐந்து. நாலு என்றால் நாலு, ஏன் நாலு என்று காரணத்தோடு. உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.

அந்த 43 பேருக்கும் ஒரு வேண்டுகோள். போட்டதை எடுத்துவிடுங்கள். ஊருக்கு வரும்போது அவன் கடையில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்,
குன்னூர்.